கரண்ட் இல்லாம காய்கறி வைக்க ஒரு ஈரச் செங்கல் பெட்டி

சாயங்காலம் பறிச்சு வச்ச வெண்டிக்காய் காலைல வேலந்தாவளம் சந்தையில தராசுல ஏறும்போது கொறஞ்சிருக்கும், இது காய் போடற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். யாரும் எடுக்கலை, தண்ணி போயிருச்சு, அவ்வளவுதான். வெண்டில 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 90 கிராம் தண்ணி, தக்காளில 94, வெள்ளரில 95க்கு மேல. நாம காய் விக்கறோம்னு சொல்றதெல்லாம் பேச்சுக்குத்தான், விக்கறது பூராம் தண்ணி, சுத்தி ஒரு தோலு. அதுல நூத்துக்கு அஞ்சு பத்து போனாப் போதும், காய் தொவண்டு போயி வெலை பாதியாயிரும்.

எங்க தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல, பேருக்கு கேரளா, பேச்சும் வெள்ளாமையும் பொள்ளாச்சிக்காரங்க மாதிரியேதான். பாலக்காட்டுக் கணவாய் வாய்க்கு நேரா உக்காந்திருக்கோம், மலைக்கு நடுவுல 30 கிலோமீட்டருக்கு மேல அகலமான சந்து, தை மாசில கெழக்க இருந்து வர்ற காத்து ஈரமே இல்லாம சரசரன்னு அடிக்கும், ஒதடு வெடிக்கும், காயப்போட்ட வேட்டி மடிக்கறதுக்குள்ள மொறமொறன்னு ஆயிரும். அந்தக் காத்துதான் காயைக் கெடுக்குது, அந்தக் காத்தையே வேலைக்கு வச்சுக்கலாம்கறதுதான் இந்தப் பெட்டியோட சங்கதி.

ஐடியா புதுசு இல்லீங்க. டெல்லி பூசாவுல இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல 1980-கள்ல உருவாக்கினது, பூசா ஜீரோ எனர்ஜி கூல் சேம்பர்னு பேரு. ரெட்டைச் செங்கல் செவுரு, நடுவுல மூணு இஞ்ச் இடைவெளி, அதுல மணல், மணலை எப்பவும் ஈரமா வச்சுக்கணும், மேல ஒரு ஈர மூடி, எல்லாத்துக்கும் மேல நெழலுக்கு ஒரு கூரை. அவ்வளவுதான் மொத்தமும். அப்பத்தாகிட்ட சொன்னப்ப, "ஏஞ்சாமி, மண்பானைல ஊத்தி வச்சா தண்ணி தானா சில்லுனு ஆவுது, அதுக்கு எதுக்கு இத்தனை செங்கல்லு?"ன்னுச்சு. கேள்வி சரிதான், பானைக்குள்ள நூறு கிலோ தக்காளி போகாதுங்கறதைத் தவிர ரெண்டும் ஒண்ணேதான்.

கட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை கட்டாயம் பண்ணுங்க, பெருசா காசு செலவில்லாதது. ஒரே மாதிரி ரெண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒண்ணோட குண்டு மேல பழைய வேட்டித்துணி சுத்தி நனைச்சு, ரெண்டையும் நெழல்ல காத்து படற எடத்துல தொங்க விடுங்க. நான் தொங்கவிட்ட மத்தியானம் காஞ்சது 38 காட்டுச்சு, ஈரத்துணி சுத்தினது மெதுவா எறங்கி 24-ல வந்து நின்னுச்சு. 14 டிகிரி வித்தியாசம். காத்துல ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தா இப்படித்தான் வரும். அந்த நேரத்துக்கு அந்த 24-தான் நம்ம பெட்டிக்கு தரைமட்டம், எவ்வளவு நல்லாக் கட்டினாலும் அதுக்குக் கீழ எறங்காது. கடலோரத்துல இருக்கறவங்க இதே சோதனையைப் பண்ணினா வித்தியாசம் நாலு அஞ்சு டிகிரிதான் வரும், அவங்க செங்கல் வாங்காம இருக்கறது நல்லது.

செங்கல் விஷயத்துல பழைய நாட்டுச் செங்கல்தான் வேணும்னு முடிவு பண்ணினேன், இடிச்ச மாட்டுக் கட்டுத்தறி செவுத்துல கெடந்தது எடுத்துக்கிட்டேன். மெஷின்ல வர்ற வயர்கட் கல்லு நெம்ப கெட்டி, தண்ணி குடிக்காது. வித்தியாசம் பாக்கணும்னா ஒரு பக்கெட் தண்ணில ரெண்டையும் போட்டுப் பாருங்க. நாட்டுக்கல்லு உஸ்ஸுனு சத்தம் போட்டு பொடிப்பொடியா குமிழி விடும், காது கிட்ட வச்சா சோடா ஒடைச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து தராசுல வச்சா மூணு கிலோ கல்லு அரை லிட்டர் தண்ணிய உள்ள வாங்கியிருக்கும். குமிழி வர்ற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு மயிரிழை ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் நாளைக்குத் தண்ணி வெளிய வந்து ஆவியாகணும். வீடு கட்டறதுக்கு இந்தக் கல்லை யாரும் சீண்ட மாட்டாங்க, நமக்கு இதுதான் மாணிக்கம்.

மணல்லதான் ரொம்ப நேரம் போச்சு. ஆத்து மணல் இப்ப கெடைக்கறது கஷ்டம், கேரளாவுல 2001-லயே ஆத்து மணல் அள்ளறதுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தாச்சு, வந்ததும் நல்லதுக்குத்தான். கைல இருந்தது ரெண்டு வகை எம்-சாண்ட், ஒண்ணு பூச்சு வேலைக்கு வர்ற பொடி, இன்னொண்ணு காங்க்ரீட்டுக்கு வர்ற பரும்படி. எது தண்ணிய நல்லா இழுக்கும்னு பாக்க ரெண்டு பழைய ஒரு லிட்டர் பாட்டில் அடிப்பாகத்தை அறுத்துட்டு, வாயில லுங்கித் துணி கட்டி, தலகீழா மணல் நெப்பி, ஒரு தட்டுல தண்ணி வச்சு நிக்க வச்சேன். பாட்டில் வழியா பாத்தா ஈரக்கோடு கண்ணு முன்னாடி மேல ஏறுது, கீழ இருந்து மேல, யாரும் பம்பு போடலை. பரும்படி மணல்ல கொஞ்சம் ஏறி நின்னு போச்சு. பொடி மணல்ல அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போயி, பொழுதோட பாத்தா பாட்டில் உச்சி வரைக்கும் கறுத்திருந்துச்சு.

இது ஏன்னா, தண்ணி ரெண்டு வகையில ஒட்டும். மணல், கண்ணாடி, செங்கல் மாதிரி சாமான் மேல ஒட்டும், தன்னோட தானும் ஒட்டும். ஓட்டையோட சுத்துச் செவுத்தைப் புடிச்சு ஏறும்போது பின்னாடி இருக்கறதையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். ஓட்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஒசரம் போகும், கணக்குப் படி 0.1 மில்லிமீட்டர் ஆரம் இருக்கிற துளைல 15 செ.மீ, அதுல பாதி ஆரம்னா 30 செ.மீ. நம்ம செவுரு ஒசரம் 67 செ.மீ, அதனால கீழ தண்ணி தேக்கி வச்சா மேல வரைக்கும் வரும்னு நம்பக் கூடாது, மேல இருந்து சொட்டு விட்டாகணும். சரி அப்ப மணல் எதுக்கு, சும்மா தண்ணி ஊத்துனாப் போதாதானு கேப்பீங்க. மேல இருந்து சொட்டற தண்ணி ஒரே தாரையா ஓடிரும், பொடி மணல்தான் அதைப் பக்கவாட்டுல இழுத்து ரெண்டு பக்கச் செவுத்துக்கும் சமமாக் குடுக்கும். கடைசில முக்கால்வாசி பொடி, கால்வாசி பரும்படி கலந்தேன், பொடி மட்டும் போட்டா சேறு மாதிரி இறுகிக்கும்.

கட்டின வேலை பெருசா எழுத ஒண்ணுமில்லை. வேப்ப மர நெழல்ல தரைய மட்டம் பண்ணி அடில ஒரு வரிசை செங்கல் பரப்பி, வெளி அளவு 165 செ.மீ-க்கு 115, ரெண்டு செவுரு, நடுவுல ஏழரை செ.மீ சந்து. 400 கல்லு போச்சு. சிமென்ட் போடாம களிமண் சாந்துலதான் கட்டினது, மேஸ்திரி அண்ணன் "தம்பி, எம்பேரச் சொல்லிராதீங்க, இதைப் பாத்தா எவன் எனக்கு வேலை குடுப்பான்"னாரு. சிமென்ட் பூசினா செங்கல் மூச்சு விடாது, ஆவி வெளிய போகாது, அப்பறம் அது வெறும் தொட்டி. மூடிக்கு மூங்கில் தப்பைல சட்டம் கட்டி சாக்கு தெச்சது. மணல் சந்துக்கு மேல 16 எம்.எம் ட்ரிப் லேட்ரல், அதாவது சொட்டு விடற கொழாய், ஒரு சுத்து, பக்கத்துல ஸ்டேண்டு மேல ஒரு ட்ரம்மு. மேல தென்னந்தடுக்கு வேஞ்ச கூரை, நாலு பக்கமும் தொறந்திருக்கணும், காத்துக்கு வழி அடைச்சா மொத்தமும் வீண்.

நெனச்ச மாதிரி வேலை செஞ்சுச்சா? வெளிய 38 இருந்த மத்தியானம் ரெண்டரைக்கு உள்ள 26. ராத்திரி வெளிய 25-க்கு வந்தப்ப உள்ள 23 சொச்சம். எனக்கு அந்த 26-ஐ விட இந்த ஆட்டமில்லாத தன்மைதான் ஆச்சரியமா இருந்துச்சு, வெளிய 13 டிகிரி ஏறி எறங்குது, உள்ள ரெண்டு மூணு டிகிரிதான். செங்கல்லு, மணலோட எடை ஒரு காரணம், அதுக்குள்ள இருக்கிற தண்ணி இன்னொரு காரணம். சந்துல சுமார் 350 கிலோ மணல், அதுல நெறைஞ்சு நிக்கிற தண்ணி 50 லிட்டர் வரும். ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்க 0.8 கிலோஜூல் போதும், ஒரு கிலோ தண்ணிக்கு 4.2 வேணும். போட்டுப் பாத்தா 350 கிலோ மணல் ஒரு டிகிரிக்கு 280 வாங்குது, வெறும் 50 கிலோ தண்ணி 210 வாங்குது. நம்ம ஒடம்புல பாதிக்கு மேல தண்ணியா இருக்கறதுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு, வெய்யில்ல கொஞ்ச நேரம் நின்னதும் ரத்தம் சூடேறி விழுந்துடாம நிக்கறோம்ல.

ஆனா நெசமான வேலையைச் செய்யறது ஆவியாகறதுதான். ஒரு லிட்டர் தண்ணி 30 டிகிரி வாக்குல ஆவியாகறதுக்கு சுமார் 2,430 கிலோஜூல் சூடு தேவை. அது எவ்வளவுன்னா, 58 லிட்டர் தண்ணிய 10 டிகிரி எறக்கறதுக்கு எவ்வளவு சூடு எடுக்கணுமோ அவ்வளவு. கரண்ட் கணக்குல முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. காஞ்ச காத்து அடிக்கற நாள்ல ட்ரம்முல 20 லிட்டர் கொறையும், அப்படின்னா 13 யூனிட்டுக்கு மேல சூட்டை அது தூக்கிட்டுப் போகுது. இதுல பெரும்பங்கு வெளிக்காத்துல இருந்தே வர்ற சூடு, உள்ள இருக்கிற தக்காளிக்கிட்ட இருந்து வர்றது கொஞ்சந்தான். செவுரு வாசல்லயே சூட்டை வாங்கி ஆவியா அனுப்பிருது, உள்ள விடறதில்லை, அதுதான் விஷயம். இப்படி ஆவியாகறதுக்கு எடுத்துக்கற சூட்டுக்கு 'உள்ளுறை வெப்பம்'னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க, 1760-கள்ல ஸ்காட்லாந்துல ஜோசப் பிளாக் கண்டுபுடிச்சதுன்னும் சொன்னாங்க, பரீட்சைக்கு எழுதினதோட சரி.

தண்ணிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்? எங்க பக்கம் சில போர் தண்ணி மொதல்ல தொறக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ரெண்டு ஹைட்ரஜன், ஒரு சல்ஃபர். தண்ணில ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், சல்ஃபரும் ஆக்சிஜனும் தனிம அட்டவணைல ஒரே பத்திதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணிய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை, ஆனா அது கொதிக்கறது மைனஸ் 60 டிகிரில, அதனாலதான் கொழாயைத் தொறந்த ஒடனே வாயுவா மூக்குக்கு வந்துருது. எடை கம்மியான தண்ணி அதுக்கும் கீழ கொதிக்கணும் நியாயத்துக்கு. கொதிக்கறது 100-ல. காரணம், ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் ப்ளஸ், மூலக்கூறு நேர்கோடா இல்லாம 104.5 டிகிரி மடங்கி வேற இருக்கு. அதனால ஒரு மூலக்கூறோட ப்ளஸ் பக்கம் பக்கத்து மூலக்கூறோட மைனஸ் பக்கத்தைப் புடிச்சுக்கும், ஒண்ணு நாலு பேரைப் புடிக்கலாம். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. கூட்டத்தை விட்டு ஒரு மூலக்கூறு ஆவியாப் போகணும்னா இந்தப் பிடியெல்லாம் அறுக்கணும், அறுக்கறதுக்கு சூடு வேணும், அந்தச் சூட்டை செங்கல்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போகுது. மணல்ல ஏறினதும் இதே பிடிதான், சூடேற நேரம் எடுத்துக்கறதும் இதே பிடிதான்.

பெட்டிக்கு மேல நிக்கிற வேப்ப மரமும் இதையேதான் செய்யுது. தகரக் கூரை நெழலுக்கும் மர நெழலுக்கும் வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும், தகரம் வெய்யிலை மறைக்கறதோட சரி, எலை தண்ணிய ஆவியா விட்டு தன் சூட்டையும் எறக்கிக்குது. அறுபது எழுபது அடி தென்னை உச்சிக்கு மோட்டார் இல்லாம தண்ணி எப்படிப் போகுதுங்கறதுக்கும் 1894-ல டிக்ஸன், ஜாலின்னு அயர்லாந்துல ரெண்டு பேரு சொன்ன பதில் இதுதான், எலையில ஆவியாகப் போற தண்ணி பின்னாடி இருக்கறதைக் கயிறு மாதிரி இழுக்குது, தண்ணி தன்னைத் தானே விடாமப் புடிச்சிருக்கறதால கயிறு அறுகறதில்லை. நமக்கு வேர்வை. ஆனா வேர்வைக்கும் பெட்டிக்கும் ஒரே விதிதான், காத்து ஈரமா இருந்தா வேலை செய்யாது, அந்த ஈரத்துணி தெர்மாமீட்டர் 35 தாண்டிருச்சுன்னா எவ்வளவு தண்ணி குடிச்சாலும் மனுச ஒடம்பால சூட்டை எறக்க முடியாது.

பெட்டிக்குள்ள ஈரப்பதம் 90 வாக்குல இருக்கறதால காய் தண்ணிய விடறது கொறஞ்சிருது. ஒரே செடில பறிச்ச வெண்டி ஒரு கிலோ வெளிய கூடைல, ஒரு கிலோ உள்ள ட்ரேல வச்சு மறுநா பொழுதோட எடை போட்டேன், வெளிய வச்சது 900 கிராம், தொட்டா ரப்பர் மாதிரி வளையுது. உள்ள வச்சது 980, ஒடைச்சா டப்புன்னு ஒடைஞ்சுச்சு. பக்கத்துத் தோட்டத்து சேட்டன் ரெண்டையும் ஒடைச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசலை, அடுத்த வாரம் அவரு வீட்டு முன்னாடி செங்கல் எறங்குச்சு.

பிரிட்ஜ் இருந்தா இதெல்லாம் எதுக்குன்னு மச்சான் கேட்டாரு. நூறு கிலோவுக்கு பிரிட்ஜ் யாரு வாங்கறது, அது ஒண்ணு. இன்னொண்ணு, தக்காளி 12 டிகிரிக்குக் கீழ ரொம்ப நேரம் இருந்தா ருசியும் போயிரும், வெளிய எடுத்ததும் சொத்தையாப் போகும், வெண்டிக்காய்ல கறுப்புப் புள்ளி விழும். ஃப்ரீஸர்ல கீரை வச்சு எடுத்தவங்களுக்குத் தெரியும், கொழகொழன்னு ஆயிருக்கும். தண்ணி ஒறஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், எலைக்குள்ள இருக்கிற செல் அறைங்களை ஐஸ் கிழிச்சு விட்டுரும்.

தொந்தரவு வந்தது உப்புல. கொஞ்ச வாரம் ஓடினதும் வெளிச் செவுத்துல வெள்ளையாப் பூத்துச்சு, நகத்துல சொரண்டினா மாவு மாதிரி உதிருது, நாக்குல வச்சா கரிக்குது. உள்ள 26 காட்டினது 28-க்கு வந்துச்சு. தண்ணி அளவுக்கு எதையும் கரைச்சு வச்சுக்கற திரவம் கெடையாது, அதனாலதான் வேர்ல இருந்து சத்தை ஏத்தறதுக்கும் ரத்தத்துல உப்பும் சர்க்கரையும் ஓடறதுக்கும் அது ஒத்து வருது. ஆனா ஆவியாப் போகும்போது தான் மட்டும்தான் போகும், கொண்டு வந்ததை எல்லாம் வாசல்ல எறக்கி வச்சுட்டுப் போயிரும். எங்க போர்த் தண்ணி, கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டி.டி.எஸ் மீட்டர்ல 1,000 கிட்ட காட்டுது, லிட்டருக்கு ஒரு கிராம். 20 லிட்டர் ஆவியானா 20 கிராம் உப்பு செவுத்துல நிக்கும், அம்பது நாளைக்கு ஒரு கிலோ. அது செங்கல் ஓட்டைய அடைக்குது, அடைச்சா ஆவி போகாது. சொட்டுக் கொழாயும் அதே கதிதான், சுண்ணாம்பு கட்டி, சொட்டு விடற மூக்கு இருக்கே எமிட்டர், அதுல பாதி நின்னு போச்சு. எமிட்டரைக் கழட்டி கள்ளுச் சுர்க்காவுல (கள்ளுல பண்ற வினிகர்) ராத்திரி ஊறப் போட்டா சின்னதா நொரைச்சுக்கிட்டு கழண்டுரும், புளித்தண்ணியும் ஆகும் ஆனா நேரம் எடுக்கும். எங்க சித்தூர் தாலூகாவுல சுர்க்காவுக்கா பஞ்சம்!

செவுத்துக்கு, வாரம் ஒருக்கா கிணத்துத் தண்ணிய மேல இருந்து தாராளமா ஊத்தி அடி வழியா ஓட விட்டுடறேன், கரைஞ்சு போகட்டும்னு. ஓடற தண்ணி வேப்ப மரத்துக்குப் போகாம தள்ளி ஒரு குழி. ஓட்டு மேல விழற மழைத்தண்ணி புடிச்சு வச்சிருந்தா அதைத்தான் ட்ரம்முக்கு ஊத்தணும், அதுல உப்பு இல்லைன்னே சொல்லலாம். வாய்க்கால்ல ஆளியாத்துத் தண்ணி வர்ற நாள்ல அதுவும் நல்லாத்தான் இருக்கு. தமிழ்நாட்டுல இருந்து மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டி.எம்.சி வரணும்னு ரெண்டு மாநிலத்துக்கும் ஒப்பந்தம், எப்ப வரும்கறது வேற கதை, அதைப் பேச ஆரம்பிச்சா பெட்டி கட்டின கதை முடியாது.

ஆனி ஆடில தென்மேக்கு மழைக்காத்து கணவாய் வழியா வரும்போது பெட்டி சும்மா நிக்கும். வெளிய 28, ஈரப்பதம் 90, துணி சுத்தின தெர்மாமீட்டர் 26.5, இதுல என்னத்தைக் குளிரும்? அப்பத் தண்ணிய நிறுத்திட்டு மூடியத் தொறந்து காய விடறேன், இல்லைன்னா சாக்குல பூஞ்சை பூத்து ட்ரே வரைக்கும் எறங்கும்.

கட்டறவங்களுக்கு இன்னும் சில விஷயம். காயைக் கழுவாம, வெய்யில் தாழப் பறிச்சு, பறிச்ச சூடு ஆற விட்டு உள்ள வைங்க, சூடா வச்சா பெட்டி அந்தச் சூட்டை எறக்கவே ஒரு நாள் எடுத்துக்கும். ட்ரே நேரா செங்கல் மேல உக்காராம ரெண்டு கட்டை மேல இருக்கணும், அடில காத்து போகணும், எறும்புக்குச் சுத்தி சாம்பல் போட்டாப் போதும். பழுத்த வாழைத்தாரைக் கூட வச்சா அதுல வர்ற, காயைப் பழுக்க வைக்கற எத்திலீன் வாயுவுல வெள்ளரியும் கீரையும் மஞ்சளாயிரும். வெங்காயம், பூண்டு, உருளை மட்டும் உள்ள வைக்கவே வைக்காதீங்க, அந்த ஈரத்துல வெங்காயம் மொளை விட்டு அழுகும், அதுக்கு ஈரமில்லாம காத்தாட அடுக்கி வைக்கற நம்ம வெங்காயப் பட்டறைதான் சரி.